ஹார்ட்விக் மாளிகை: கண்ணாடியை மட்டும் பார்த்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டத்தில் உள்ள ஹார்ட்விக் மாளிகையைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அந்நாட்டுக் கட்டடக் கலையைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது அரிது என்பதால், முழுப் பக்கம் ஒதுக்கிப் படங்களுடன் வெளியிட்ட தங்களுக்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் பெரும்பகுதி மாளிகையின் சொந்தக்காரியான எலிசபெத் டால்பட் சீமாட்டியின் நான்கு திருமணங்களிலேயே செலவாகிவிட்டது. எஞ்சிய இடத்தில் கட்டடத்தைப் பற்றிச் சொல்லப்பட்டதெல்லாம் அதன் கண்ணாடி சன்னல்களைப் பற்றியே இருந்தது. ஹார்ட்விக் ஒரு கற்கட்டடம். அந்தக் கண்ணாடி நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அதே இடத்தில் நிற்பதற்குக் காரணம் அதைச் சுற்றியும் அதற்குப் பின்னாலும் உள்ள கல்தான். அந்தக் கல் வேலையைப் பற்றிக் கட்டுரை பேசாமல் விட்டது பெரிய குறை என்று கருதுவதால், கட்டடப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான் இதை எழுதுகிறேன்.

‘சுவரைவிடக் கண்ணாடி அதிகம்’ என்று இந்த வீட்டைப் பற்றி ஆங்கிலேயர்களிடையே ஒரு சொலவடை உண்டு. கட்டுரையும் அதைத்தான் தலைப்பாக வைத்திருந்தது. மேற்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது சரி என்றே தோன்றும். மூன்று அடுக்கு வீடு. நீண்ட பக்கங்களில் இரண்டிரண்டு, குறுகிய பக்கங்களில் ஒவ்வொன்று என மொத்தம் ஆறு கோபுரங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வானத்தைப் பிரதிபலிக்கும் சன்னல்கள். கோபுரங்களின் உச்சியில் சீமாட்டியின் பட்டப்பெயருடன் கூடிய பெயரான எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்பதன் முதலெழுத்துகளான ‘இ’, ‘எஸ்’ இரண்டையும் ஆங்கிலத்தில் கல்லிலேயே செதுக்கி, மேலே ஒரு சிறு மகுடத்தையும் வைத்து, தொலைவிலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக நிறுத்தியிருக்கிறார்கள். எம்1 நெடுஞ்சாலையில் வண்டியில் போகிறவர்களுக்குக்கூடக் குன்றின் மேல் இந்தக் கட்டடம் தெரியும். இவ்வளவையும் கட்டுரை அழகாகச் சொல்லியிருந்தது. சொல்லாமல் விட்டது, இவ்வளவு பெரிய திறப்புகளை வைத்துக்கொண்டு அந்தச் சுவர் எப்படி நிற்கிறது என்பதை.

1590-ம் ஆண்டில் அஸ்திவாரம் போட்டபோது இரும்பு உத்தரமும் கிடையாது, கான்கிரீட்டும் கிடையாது. இன்று கண்ணாடியால் மூடிய அலுவலகக் கட்டடம் ஒன்றைப் பார்க்கிறோம் என்றால், அதன் பாரத்தை உள்ளே இருக்கும் தூண்களும் உத்தரங்களும் வாங்கிக்கொள்கின்றன. கண்ணாடி வெறும் போர்வை. ஹார்ட்விக்கில் அப்படியில்லை. கூரை, தளங்கள், மேற்சுவர் எல்லாவற்றின் பாரமும் சுவர் வழியாகத்தான் மண்ணுக்கு இறங்க வேண்டும். சுவரில் ஒரு துளை போட்டால் அந்தத் துளைக்கு மேலே இருக்கும் பாரத்தை இரு பக்கமும் பிரித்து அனுப்பியாக வேண்டும். துளை பெரிதாகப் பெரிதாகப் பக்கத்தில் எஞ்சும் சுவரின் அகலம் குறையும். அதன் மேல் விழும் பாரம் கூடும். அந்தக் காலத்துக் கட்டடக்காரர்கள் இதைச் சூத்திரமாக எழுதி வைக்கவில்லை. கை வழக்கத்தில் அறிந்திருந்தார்கள். ஹார்ட்விக்கின் சன்னல்கள் அந்தக் கை வழக்கத்தின் எல்லை வரை போய் நிற்கின்றன.

முதலில் கவனிக்க வேண்டியது புகைபோக்கிகள். குளிர்நாட்டு வீடு என்பதால் அறைக்கு அறை கணப்பு வேண்டும்; ஒவ்வொரு கணப்புக்கும் கூரை வரை ஏறும் புகைக்குழாய் வேண்டும். அந்நாட்டுப் பழைய வீடுகள் பலவற்றில் இந்தக் குழாய்களை வெளிச்சுவரோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். சுவரில் கணிசமான இடத்தை அவை அடைத்துக்கொள்ளும். ஹார்ட்விக்கில் பெரும்பாலான கணப்புகளையும் புகைக்குழாய்களையும் உட்சுவர்களுக்குக் கொண்டு போய்விட்டார்கள். இதனால் இரண்டு நன்மைகள். வெளிச்சுவரின் பெரும்பகுதி சன்னலுக்குக் கிடைத்தது. கணப்புகளைத் தாங்குவதற்காகத் தடித்துக் கட்டப்பட்ட உட்சுவர்கள், தளங்களின் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்களே ஏற்றுக்கொண்டு வீட்டுக்கு முதுகெலும்பாக நின்றன. வெளியே கண்ணாடி என்று நாம் வியப்பதற்கு விலை கொடுத்தது உள்ளே யாரும் திரும்பிப் பார்க்காத அந்தச் சுவர்.

மேல் மாடியில் கிழக்குப் பக்கம் முழுவதும் ஓடும் நீண்ட கூடத்துக்குள் போனால் இது கண்கூடாகத் தெரியும். சுமார் 50 மீட்டர் நீளமுள்ள அந்தக் கூடத்தின் ஒரு பக்கம் வரிசையாகச் சன்னல்கள். எதிர்ப்பக்கம் ஒரு சன்னலும் இல்லாத உட்சுவர். அதில் கறுப்புச் சலவைக்கல்லாலும் வெண்ணிற அலபாஸ்டர் கல்லாலும் செய்த இரண்டு பெரிய கணப்புகள். அவற்றின் இரு மருங்கிலும் மேலிருந்து கீழ்வரை தொங்கும் சித்திரத் திரைகள். விவிலியத்தில் வரும் கிதியோனின் கதையை நெய்த 13 திரைகள் அவை. சீமாட்டி அவற்றை 1592-ல் வாங்கினார். தங்கள் கட்டுரை இந்தத் திரைகளைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தது; அவற்றைச் செப்பனிடும் பணி 24 ஆண்டுகள் நடந்து 2023-ல் முடிந்ததையும் சொல்லியிருந்தது. அவ்வளவு பெரிய திரைகளை மாட்டுவதற்கு இடைவெளியே இல்லாத சுவர் எப்படிக் கிடைத்தது என்ற கேள்வியைக் கேட்டிருந்தால், கட்டுரையாளர் தாமாகவே கட்டடத்தின் அமைப்புக்கு வந்து சேர்ந்திருப்பார்.

அடுத்தது, மாடிக்கு மாடி சன்னல் வளரும் விதம். கீழ்த்தளத்தில் சன்னல்கள் குட்டையானவை. அங்கே சமையலறையும் பணியாளர் வேலை செய்யும் இடங்களும் இருந்தன. முதல் மாடியில் குடும்பத்தார் அன்றாடம் புழங்கிய அறைகள். சன்னல் அதைவிட உயரம். இரண்டாம் மாடியில்தான் விருந்தினரை வரவேற்கும் ராஜரீக அறைகள். அங்கே கூரையும் மிக உயரம், சன்னலும் மிக உயரம். அப்போதைய அரசியான முதலாம் எலிசபெத்தே ஒரு நாள் வந்து தங்கக்கூடும் என்ற எண்ணத்தில் அமைத்த மாடி அது. இதை எல்லோரும் சமூக வரிசையாகவே விளக்குகிறார்கள். தங்கள் கட்டுரையும் அப்படியே விளக்கியது. சுவரின் பக்கம் நின்று பார்த்தால் இதே ஏற்பாடு வேறொரு காரணத்தாலும் பொருத்தமானது. சுவரின் அடியில்தான் பாரம் அதிகம். மேலே போகப் போகத் தாங்க வேண்டியது குறைகிறது. எனவே கீழே சிறு திறப்பும் மேலே பெரிய திறப்புமாக வைப்பது கல்லுக்கு ஏற்ற முறை. மிகப் பெரிய சன்னல்களைக் கீழ்த்தளத்தில் வைத்துவிட்டு அதன் மேல் இரண்டு மாடிகளை ஏற்றியிருந்தால் அந்தச் சுவர் இத்தனை காலம் விரிசல் விடாமல் நின்றிருக்குமா என்பது ஐயமே. விருந்தினர் மரியாதையும் கல்லின் இயல்பும் ஒரே திசையில் போகும்படி வடிவமைத்தவரின் திறமையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

இனி ஒரு சன்னலையே அருகில் போய்ப் பார்க்கலாம். தூரத்தில் ஒரே கண்ணாடிப் பரப்பாகத் தெரிவது, பக்கத்தில் போனால் கற்சட்டங்களால் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருப்பது தெரியும். நெடுக்கில் மெல்லிய கற்கால்கள் நிற்கின்றன. குறுக்கில் கற்சட்டங்கள் கிடக்கின்றன. இவை சந்திக்கும் இடங்களில் இரண்டையும் ஒரே கல்லில் இழைத்ததுபோல மூட்டுகள் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன. அந்தக் காலத்தில் கண்ணாடியைப் பெரிய பலகையாகச் செய்ய முடியாது; கைப்பிடிக்குள் அடங்கும் சிறு துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்து, அந்தக் கட்டங்களுக்குள் பொருத்தினார்கள். கண்ணாடிக்குச் சட்டம் என்பது மட்டுமே இந்தக் கற்கால்களின் வேலை என்று நினைக்கக் கூடாது. கல்லை நசுக்குவது கடினம். வளைத்தால் எளிதில் உடைந்துவிடும். ஆகவே அகலமான திறப்பின் மேல் ஒரே கல்லை லிண்டலாக, அதாவது மேற்பாரம் தாங்கும் குறுக்குக் கல்லாக வைத்தால் நடுவில் விண்டுபோகும். நடுவில் கற்கால்களை நிறுத்தினால் ஒவ்வொரு லிண்டல் கல்லும் கடக்க வேண்டிய தூரம் ஒன்றிரண்டு முழமாகக் குறைந்துவிடுகிறது. நம்மூர்க் கோயில் மண்டபங்களில் தூண்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்பதற்கும் இதே காரணம்தான். சன்னலின் கற்கால்களை எடுத்துவிட்டால் ஹார்ட்விக்கின் வெளிமுகம் தாங்காது. ‘கண்ணாடி அதிகம்’ என்ற சொலவடையில் இந்தக் கற்கால்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெளியிலிருந்து பார்க்கும்போது எல்லா முகங்களும் சீராக இருக்க வேண்டும் என்பதில் வடிவமைத்தவர் பிடிவாதமாக இருந்திருக்கிறார். அந்தப் பிடிவாதத்துக்காகச் சில இடங்களில் கண்ணாடிக்குப் பின்னால் அறையே இல்லாமல் சுவரோ புகைபோக்கியோ இருக்கிறது. சன்னல் அங்கே பார்வைக்கு மட்டும். இதைக் குறையென்று சொல்பவர்கள் உண்டு. கட்டடத்தைச் சுற்றி நடந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நாம் நகர நகர ஆறு கோபுரங்களும் சில நேரம் சேர்ந்தும் சில நேரம் விலகியும் தெரிகின்றன. மூலையில் நின்றால் கோபுரக் கூட்டம். நேராக வந்து நின்றால் அமைதியான ஒரு முகப்பு. இந்த விளைவுக்குச் சன்னல் வரிசை எங்கும் அறுபடாமல் ஓடுவது அவசியம். பொறியாளன் என்ற முறையில் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது: பெட்டி போல வெளியே நீண்டு நிற்கும் ஒவ்வொரு கோபுரமும், துளைகள் நிறைந்த நீண்ட சுவருக்குப் பக்கவாட்டில் முட்டுக்கொடுக்கிறது. அழகுக்காக மட்டும் கோபுரங்கள் வைக்கப்பட்டன என்று தங்கள் கட்டுரை எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை.

கல் எங்கிருந்து வந்தது என்பதும் சொல்லப்பட வேண்டும். ஹார்ட்விக்கின் மணற்கல் அந்தக் குன்றிலேயே வெட்டி எடுக்கப்பட்டது. வீடு எந்தக் குன்றின் உச்சியில் நிற்கிறதோ அதன் சரிவில்தான் கற்குழி. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான் போக்குவரத்து என்ற காலத்தில், கல்லின் விலையைவிட அதைத் தரைவழியே கொண்டு வரும் கூலி பல இடங்களில் அதிகமாக இருந்தது. ஹார்ட்விக்குக்குச் சில ஆண்டுகள் முன்னதாக நாட்டிங்காம் அருகே சர் பிரான்சிஸ் வில்லபி என்பவர் 1580 முதல் 1588 வரை கட்டிய வொல்லட்டன் மாளிகைக்கு லிங்கன்ஷயரின் ஆங்க்காஸ்டர் சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல்லை வரவழைத்தார்கள்; தம் நிலக்கரியைக் கொடுத்து அதற்கு ஈடாகக் கல்லைப் பெற்றார் என்று சொல்வதுண்டு. எலிசபெத் சீமாட்டிக்கு அந்தக் கவலை இல்லை. கல் காலடியில், மரம் சொந்தக் காட்டில், கூரைக்கும் சன்னலுக்கும் வேண்டிய ஈயம் டார்பிஷயர் மலைகளில், கண்ணாடிக்கும் சொந்தமாகவே உலை. அரசிக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரும் பணக்காரப் பெண்மணி என்று பேசப்பட்டவர், வெளியில் வாங்க வேண்டியதைக் குறைத்துக்கொண்டு கட்டினார். ஏழே ஆண்டுகளில், 1597-ம் ஆண்டு அக்டோபரில் அவர் குடியேற முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏழு ஆண்டு என்பது நமக்கு நீண்ட காலமாகத் தோன்றலாம். அங்கே சுண்ணாம்புச் சாந்தில் கட்டுகிறவர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை நடக்காது. ஈரமான சாந்து இறுகுமுன் உறைபனி பட்டால் அதிலுள்ள நீர் பனிக்கட்டியாகி விரிந்து சாந்தைப் பொடியாக்கிவிடும். ஆகையால் குளிர்காலம் வந்ததும் கட்டுவேலையை நிறுத்தி, பாதியில் நிற்கும் சுவரின் தலையை வைக்கோல் போன்றவற்றால் மூடிவைப்பது அந்நாட்டுக் கொத்தனார்களின் வழக்கம். குளிர்காலத்தில் கல் இழைக்கும் வேலையைக் கொட்டகைக்குள் செய்வார்கள்; இளவேனில் பிறந்ததும் சுவர் மறுபடி எழும். சுண்ணாம்புச் சாந்து மெதுவாக இறுகுவதும் ஒருவகையில் நன்மையே. புதுச் சுவர் தன் பாரத்தில் சற்று அமர்ந்துகொள்ள நேரம் கிடைக்கிறது.

இனி, வேலை செய்தவர்களுக்கு வருகிறேன். எலிசபெத் சீமாட்டியை அவருடைய செல்லப்பெயரால் சுட்டி, ‘பெஸ் சீமாட்டி கட்டினார்’ என்று கட்டுரை முழுவதும் எழுதப்பட்டிருந்தது. ‘வடிவமைத்தவர் யாரென்று தெரியவில்லை’ என்று ஓர் இடத்தில் போகிற போக்கில் சொல்லப்பட்டிருந்தது. இது சரியல்ல. இங்கிலாந்தின் கட்டடக் கலை வரலாற்றை எழுதியவர்கள் இந்த மாளிகையின் வடிவமைப்பை ராபர்ட் ஸ்மித்சனுக்கே உரியதாகச் சொல்கிறார்கள். அவர் விட்டுச்சென்ற வரைபடங்களில் ஹார்ட்விக்கின் அமைப்பை ஒத்த ஒரு தள வரைபடம் இருக்கிறது. மாளிகையின் 1597-ம் ஆண்டுக் கணக்கில் சர்வேயர் ஸ்மித்சனுக்கும் அவர் மகனுக்கும் பணம் கொடுத்த பதிவும் இருக்கிறது. அந்தக் கணக்குப் புத்தகங்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஸ்மித்சன் படிப்பறையிலிருந்து வந்த கலைஞர் அல்லர். கல்தச்சராகத் தொழிலைத் தொடங்கி, 1568-ல் லாங்லீட் மாளிகை வேலைக்குத் தம் ஆட்களோடு போய்ச் சேர்ந்து, அங்கே பல ஆண்டுகள் உளி பிடித்த பிறகு வொல்லட்டனுக்கு வந்தவர். 1614-ல் இறந்தபோது வொல்லட்டன் தேவாலயத்தில் அவருக்கு வைத்த கல்வெட்டு, அவரை அந்த மாளிகையையும் வேறு பல சிறந்த கட்டடங்களையும் உருவாக்கிய கட்டடக் கலைஞர் என்றே குறிப்பிடுகிறது. கல்லின் பலத்தையும் பலவீனத்தையும் கையால் அறிந்த ஒருவர் வரைந்ததால்தான் ஹார்ட்விக்கின் சன்னல்கள் அந்த அளவுக்குத் துணிந்து பெரிதாயின என்பது என் உறுதியான கருத்து.

வரைந்தவர் ஒருவர்; சுவரை எழுப்பியவர்கள் வேறு. ஜான் ரோட்ஸ், கிறிஸ்டோபர் ரோட்ஸ் என்ற கல்தச்சர்கள் வொல்லட்டன் வேலையை முடித்துக்கொண்டு ஹார்ட்விக்குக்கு வந்து சுவர் வேலையின் பெரும்பகுதியை ஒப்பந்தமாக ஏற்றுச் செய்தார்கள். அதே வொல்லட்டனிலிருந்து வந்த தாமஸ் ஆக்ரஸ் சலவைக்கல் கணப்புகளைச் செதுக்கினார். மேல் மாடியின் பெரிய வரவேற்புக் கூடத்தில் சுவரின் மேற்பகுதி முழுவதும் ஓடும் சுதைச் சிற்பத்தை ஆபிரகாம் ஸ்மித் செய்தார். காட்டின் நடுவே வேட்டைத் தெய்வமான டயானா தன் பரிவாரத்துடன் அமர்ந்திருக்க, மரங்களுக்கிடையே விலங்குகள் எட்டிப் பார்க்கும் அந்தச் சுதை வேலை, வண்ணம் மங்கிய நிலையிலும் நின்று பார்க்க வைக்கும். நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கட்டடத்தில் கூலி வாங்கிய கைவினைஞர்களின் பெயர்கள் இவ்வாறு எழுத்தில் கிடைப்பது அபூர்வம். நமக்குக் கிடைத்தும் அவற்றை அச்சிடாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். சொந்தக்காரியின் பெயர் கோபுரத்தின் உச்சியில் நிற்கிறது. அந்த எழுத்துகளைச் செதுக்கியவர்களின் பெயர் ஒரு பத்திரிகைப் பக்கத்திலாவது வரலாமே.

உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது இந்த மாளிகையை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கீழ்க்கூடத்திலிருந்து மேல் மாடி வரை ஏறும் கற்படிகளைப் பற்றித் தங்கள் கட்டுரை ஒரு வரிகூட எழுதாதது எனக்கு வருத்தம் தந்தது. அரண்மனைப் படிக்கட்டு என்றால் ஒரே கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி ஏறும் என்று எதிர்பார்ப்போம். இங்கே படிகள் வீட்டின் நீளவாக்கில் நடைபாதை போல நீண்டு, சற்று நின்று, திரும்பி, மறுபடி நீளுகின்றன. ஏறுகிறவர் ஒரு சன்னலின் வெளிச்சத்தைக் கடந்து இருட்டான திருப்பத்துக்குள் போய் அடுத்த சன்னலின் வெளிச்சத்தில் வெளிவருகிறார். கீழே சமைத்த உணவைப் பணியாளர்கள் வரிசையாக இந்தப் படிகளில்தான் மேலே எடுத்துப் போனார்கள். படிக்கல்லின் விளிம்பு நடுவில் குழிந்திருக்கிறது. சுவரில் கைக்கெட்டும் உயரத்தில் மணற்கல்லின் பரப்பைத் தடவினால் உளிக்கோடுகள் ஒரே சாய்வில் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. மேலே, யாரும் தொடாத இடத்தில், அவை இன்னும் கூர்மையாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. இதற்காகவே ஒருவர் அவ்வளவு தூரம் போகலாம்.

மையக் கூடத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். அதுவரை ஆங்கிலேய வீடுகளில் பெரிய கூடம் முகப்புக்கு இணையாக நீளவாக்கில் கிடக்கும். வாசல் அதன் ஒரு முனையில் இருக்கும். அதனால் முகப்பின் நடுவில் வாசலை வைப்பது சிக்கலாகும். ஹார்ட்விக்கில் கூடத்தைத் திருப்பிப் போட்டு, முன்வாசலிலிருந்து பின்புறம் வரை வீட்டை ஊடறுத்துச் செல்லும்படி வைத்தார்கள். வாசல் முகப்பின் நடுவுக்கு வந்தது. இருபுறமும் சமமாகப் பிரிந்தது. இந்த ஒரு திருப்பம் பின்னால் வந்த வீடுகளின் அமைப்பையே மாற்றியது. கட்டுமானக் கண்ணோடு பார்த்தால், கூடத்தின் இருபுறமும் நிற்கும் சுவர்கள் நீண்ட வீட்டைக் குறுக்கே இறுக்கிப் பிடிக்கும் இரண்டு கட்டுகளாக அமைந்துவிட்டன.

இந்த வீடு பெரிய மாறுதல் இல்லாமல் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் யாருடைய கலைப்பற்றும் அல்ல. சீமாட்டி 1608-ல் இறந்த பிறகு அவர் வழிவந்த டெவன்ஷயர் பிரபுக்கள் சாட்ஸ்வொர்த் மாளிகையையே தலைமை இல்லமாக வைத்துக்கொண்டார்கள். காலத்துக்கேற்பச் செய்த மாற்றங்களும் செலவும் அங்கே போயின. ஹார்ட்விக் இரண்டாம் வீடாக ஒதுங்கி நின்றதால் பிழைத்தது. 10-வது டெவன்ஷயர் பிரபு 1950-ல் இறந்ததும் விதிக்கப்பட்ட வாரிசு வரிக்கு ஈடாக அது அரசுக்குப் போய், 1959-ல் பழைமையான இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது.

கண்ணாடி உடைந்தால் மாற்றிவிடலாம்; கல் அப்படியன்று. மணற்கல் என்பது அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை. குழியில் எப்படிக் கிடந்ததோ அதே கிடையில் சுவரில் வைத்தால் அடுக்குகள் பாரத்தில் இறுகும். அடுக்குகள் சுவரின் முகத்துக்கு இணையாக நிற்கும்படி வைத்தால் மழையும் பனியும் அவற்றை ஒவ்வொன்றாக உரித்தெடுக்கும். கற்களுக்கிடையே சுண்ணாம்புச் சாந்து இருக்கும்வரை சுவருக்குள் புகுந்த ஈரம் அந்த மென்மையான இணைப்புகள் வழியே வெளியேறிவிடும். அரிப்பு வந்தாலும் சாந்தில்தான் வரும், அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்பிவிடலாம். அந்த இணைப்பில் சிமென்ட்டைத் திணித்தால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பனியில் விரிந்து, கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். சிமென்ட் கம்பீரமாக நிற்கும். அதற்குப் பக்கத்தில் கல் குழிந்துபோகும். பழைய கற்கட்டடங்களைப் பழுதுபார்க்கிற நம்மவர்களுக்கும் இது பொருந்தும் என்பதால் சற்று விரிவாகச் சொன்னேன். ஹார்ட்விக் அமைந்துள்ள வட்டாரம் நீண்ட காலம் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்திருந்த பகுதி. நிலக்கரிப் புகை மணற்கல்லுக்கு நல்லதல்ல. இவ்வளவையும் மீறி நிற்கும் சுவரைப் பராமரிப்பதற்கு, கட்டியவர்களுக்கு இருந்த அதே கல்லறிவு வேண்டும்.

பெரிய சன்னல்கள் உள்ளே இருப்பவற்றுக்குக் கேடு என்பதும் உண்மையே. வெயில் சித்திரத் திரைகளின் சாயத்தை வெளுக்கும் என்பதால் பல அறைகளில் இன்று மறைப்புகளை இறக்கியே வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் அவ்வளவு கண்ணாடிக்கு நடுவே வாழ்வது சுகமாக இருந்திருக்காது. தரையில் விரித்த கோரைப்பாய்களும் சுவரில் தொங்கிய திரைகளும் அழகுக்கு மட்டும் வந்தவையல்ல.

இத்தனையும் எழுதிவிட்டுத் தங்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். வெளிநாட்டுக் கட்டடங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதப் போவதாகத் தங்கள் குறிப்பில் கண்டேன், மகிழ்ச்சி. ஒவ்வொரு கட்டுரையோடும் அந்தக் கட்டடத்தின் தள வரைபடம் ஒன்றைச் சிறிய அளவிலாவது அச்சிடுங்கள். வாசகர்களுக்குப் புரியாது என்று தயங்க வேண்டாம். வீடு கட்டிய ஒவ்வொரு குடும்பமும் இன்று வரைபடம் பார்த்துப் பழகியதே. ஹார்ட்விக்கின் வரைபடத்தைப் பார்த்திருந்தால் உட்சுவர்களின் தடிமன் எவர் கண்ணிலும் பட்டிருக்கும்.

இரண்டாவது, ஹார்ட்விக்கைப் பற்றி மறுபடி எழுதும் வாய்ப்பு வந்தால், அதன் பக்கத்திலேயே நிற்கும் பழைய மாளிகையின் படத்தையும் சேர்க்க வேண்டும். புதிய மாளிகைக்கு அஸ்திவாரம் போடுவதற்குச் சற்று முன்னரே, 1587-ல், அதே சீமாட்டி கட்டத் தொடங்கிய வீடு அது. இன்று கூரையும் தளங்களும் இல்லாத இடிபாடு. இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பு பராமரிக்கிறது. தளங்கள் போய்விட்டதால், ஒவ்வொரு மாடியின் கணப்பும் அதற்கு மேலிருந்த சுதைச் சிற்பமும் சுவரில் அந்தரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. உட்சுவரின் கனமும், புகைக்குழாய் ஏறிய வழியும், முகக்கல்லுக்குப் பின்னால் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதும் வெட்டவெளியில் காணக்கிடைக்கின்றன. புதிய மாளிகையில் சுதையும் திரையும் மூடி மறைத்திருப்பதைப் பழைய மாளிகை திறந்து காட்டுகிறது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, உட்சுவர் எது, வெளிச்சுவர் எது என்று ஒரு அம்புக்குறியும் இட்டுவிட்டால், நான் இத்தனை பத்திகளில் சொன்னது வாசகர்களுக்கு ஒரு பார்வையில் விளங்கிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர்,
திருச்சிராப்பள்ளி